எம்மாவு நடையும் வழிப்போக்கர் இலையும்

மாமல்லபுரத்துக்கு இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் சிற்பங்களைப் பார்க்கத்தான். நான்காவது முறையாக, இந்த 1974 ஏப்ரலில், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை போனபோது ஒரு சிற்பத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடற்கரைக் கோயிலின் உச்சி சவுக்கு மரங்களுக்கு மேலே தூரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான். சிற்பங்களுக்காக இதைப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடல்வரை கால்நடையாகப் போக நினைப்பவர்களுக்கு ஒருவேளை உதவும்.

நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் ஜெயசீலியும் நானும் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஜெயசீலியின் ஊர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி நான்கு கிலோமீட்டர். ஊர் என்று சொன்னாலும் அவள் பிறந்தது காலனியில். அங்கிருப்பது அறுபது எழுபது வீடுகள், ஒரு கிணறு, ஓடு வேய்ந்த ஒரு தேவாலயம். எல்லாரும் ஒரே சபை. வருடந்தோறும் ஈஸ்டர் மறுநாள் அவர்கள் வேலைக்குப் போவதில்லை. வயலுக்கும் இல்லை, சாலைப் பணிக்கும் இல்லை. சபையே கிளம்பிக் கடற்கரைக்கு நடக்கும். அதற்கு எம்மாவு நடை என்று பெயர்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உயிர்த்தெழுந்த இயேசு, எம்மாவு என்ற ஊருக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு சீஷர்களோடு வழியில் சேர்ந்துகொள்கிறார். அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து, வற்புறுத்திச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் தெரிகிறது. தெரிந்த அந்தக் கணத்தில் அவர் மறைந்துவிடுகிறார். அந்த எம்மாவும் எருசலேமிலிருந்து ஏழு மைல் சொச்சம், இந்தத் தேவாலயத்திலிருந்து கடற்கரைச் சவுக்குத் தோப்பும் ஏழு மைல் சொச்சம். எப்போதோ இருந்த ஒரு போதகர் இதைக் கவனித்து ஆரம்பித்து வைத்த வழக்கம் என்றார்கள்.

இந்த முறை ஜெயசீலி என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவள் அம்மா. சாராள் அம்மாளுக்குத் தொழுநோய். ஏழு வருடங்கள் செங்கல்பட்டை அடுத்த மருத்துவமனையிலும் பிறகு அதைச் சார்ந்த குடியிருப்பிலும் இருந்துவிட்டு, இனி யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு வெளியே வருகிறார். கணவர் இறந்து பூட்டிக் கிடந்த வீட்டை ஜெயசீலி முந்தின வாரம்தான் வெள்ளையடித்து, ஒரு புதுப்பாய் வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் வீடு மட்டும் போதாது. கிணறு பொது, தேவாலயம் பொது. போதகர் மூப்பர்களோடு மூன்று முறை பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார். எம்மாவுச் சாப்பாட்டில் சாராள் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யாரும் எழுந்து போகாவிட்டால் சாயங்காலம் சபையோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். ஒரு வேளைச் சாப்பாடு. அதில்தான் எல்லாம் இருந்தது.

காலை ஐந்து மணிக்கு எங்கள் அறையிலிருந்து கிளம்பினோம். சாராள் அம்மாள் முந்தின சாயங்காலமே ஒரு தகரப் பெட்டியோடும் துணிப்பையோடும் வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியவை, நிமிராது. ஜெயசீலி பையைத் தூக்கியபோது உள்ளே ஏதோ கலகலத்தது. ஓர் அலுமினியத் தட்டும் தம்ளரும்.

"இந்தத் தட்டு இன்னாத்துக்கும்மா? இன்னிக்கு எலையில துன்னப் போற."

"பழக்கம்டீ. ஏழு வருஷமா அதுல தான துன்னுகினு கீறேன்."

"அந்தப் பழக்கம் இன்னியோட போவட்டும்" என்று ஜெயசீலி இரண்டையும் எங்கள் அலமாரியில் என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் 5.20க்கு முதல் வண்டி. காலனி நிறுத்தம்வரை தலைக்கு 60 பைசா. பெட்டிக்குத் தனியாக 15 பைசா கேட்டார் நடத்துநர். 6.10க்கு இறங்கினோம். இறங்கியதும் காலனிக்குள் அரை கிலோமீட்டர் மண் பாதை. பெட்டியை அவர்கள் வீட்டில் வைக்கவில்லை. சாயங்காலம் சாராள் அம்மாளே எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும் என்று தேவாலயத்தின் படிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் போதகர். போதகரை அங்கே ஐயர் என்றுதான் அழைக்கிறார்கள். இளைஞர், மெலிந்தவர், கவலைப்படும் முகம்.

ஜெபம் முடிந்து 6.45க்கு நடை தொடங்கியது. இரண்டு மாட்டு வண்டிகளில் அண்டாக்கள், அரிசி, விறகு, கைக்குழந்தைக்காரிகள், முடியாதவர்கள். மற்ற எல்லாரும் இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும் என்பது முறை. எங்களுக்கு முன்னால் போன சமையல்காரர் தானியேல் வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "எம்மாவுக்குப் போனவங்க ரெண்டே பேரு. நாம இன்னாடான்னா ரெண்டு வண்டி, ஏழு அண்டா. ஆண்டவரு மட்டும் வழியில வந்தாருன்னா, சாமி, இந்தப் பக்கம் கொஞ்சம் புடின்னு சொல்லப் போறோம்." ஐயர்கூடச் சிரித்துவிட்டார்.

என்னோடு சோடி சேர்ந்தவர் சாராள் அம்மாள். ஜெயசீலி கேட்டுக்கொண்டதால் அப்படி. அவர் காலில் மருத்துவமனையில் தைத்த கனத்த ரப்பர் செருப்பு. அரைமணிக்கு ஒரு முறை நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா ஏன் பாக்கறேன் டீச்சர்? முள்ளு ஏறினாலும் வலிக்காதுன்னுதான் பாக்கறது."

பாதை எளிது. முதல் ஐந்து கிலோமீட்டர் இரண்டு பக்கமும் புளிய மரம், நிழல் உண்டு. அதன்பின் நிழல் இல்லை. எட்டரை மணிக்கே தார் இளக ஆரம்பித்தது. வழியில் ஒரே ஒரு தேநீர்க் கடை. தேநீர் 15 பைசா. ஏழெட்டுப் பேர் உள்ளே போகாமல் வெளியே நின்று தங்கள் லோட்டாவில் வாங்கிக் குடித்தார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரில் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறகு பக்கிங்காம் கால்வாய்ப் பாலம். அதில் நின்றால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். பாலம் தாண்டி வலப்பக்கம் கல்பாக்கம் சாலையில் ஒரு கிலோமீட்டர் போனால் தோப்பு. 10.20க்குச் சேர்ந்தோம். மொத்தம் பதினொன்றரைக் கிலோமீட்டர்.

கூடி ஓய்வெடுக்க அந்த ஜனங்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் உண்டு, அதை வீணாக்குவதில்லை. பெண்கள் முழங்கால்வரை அலையில் நின்று கத்தினார்கள். ஆண்கள் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். தோப்பு முழுக்க மாட்டுக்கறிக் குழம்பின் வாசனை. சாராள் அம்மாள் வெங்காயம் உரிக்கப் போனார். "நீ குந்தும்மா, நடந்து வந்திருக்க" என்று கத்தியை வாங்கிக்கொண்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் எதிர் வரிசை. இரண்டுக்கும் தலைமாட்டில், பத்தடி தள்ளித் தனியாக ஒரு பாய், அதன்முன் நுனி இலை. அது வழிப்போக்கர் இலை. சாலையில் போகிற யாராவது ஒருவரை வருந்திக் கூப்பிட்டு அதில் உட்காரவைக்க வேண்டும். அதற்கு முறைகள் உண்டு. அந்த இலைக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரக்கூடாது. அவர் முதல் கவளம் எடுக்கும்வரை பந்தியில் ஒருவரும் கைவைக்கக்கூடாது. அவர் சாப்பிட்ட இலையை மூப்பர் தம் கையால் எடுக்க வேண்டும்.

மூப்பர் ஆசீர்வாதம் சாலை போடும் மேஸ்திரி. காத்திருந்த நேரத்தில் பழைய விருந்தாளிகளைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் வளையல் விற்கும் பாய் ஒருவர் வந்து, சாப்பிட்டுவிட்டு, எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு வளையல் போட்டுவிட்டுப் போனாராம். "போன வருஷம் ஒரு வெள்ளக்காரப் பையன். தலமுடி இடுப்பு வரைக்கும். சட்டயே இல்ல. மூணு வாட்டி சோறு வாங்கினான் டீச்சர். நாலாவது வாட்டி தானியேலு ஒளிஞ்சிகினான்."

"நம்ம ஆளுங்க யாரும் வந்ததில்லையா?" என்று கேட்டேன். பக்கத்து ஊர்க்காரர்களைச் சொன்னேன்.

மூப்பர் சாலையைப் பார்த்தார். "வருவாங்க" என்றார்.

சவுக்குக் கட்டை ஏற்றிய ஒரு லாரி தோப்போரம் நின்றிருந்தது. ஓட்டுநர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மூப்பர் போய்க் கைகூப்பினார்.

"அண்ணாத்த, வாங்க. ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போங்க. எங்க கோயில் விருந்து. வழியில போறவங்களுக்குத்தான் மொதல் எல."

"டப்பு கேக்க மாட்டீங்களே?" என்று சிரித்தபடி அவர் வந்தார். ஜெயசீலி செம்பில் தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவினார். பாயில் ஒரு காலை மடக்கிவிட்டார். அப்போதுதான் கேட்டார்: "எந்தப் பக்கம் நீங்கள்லாம்?"

மூப்பர் ஊரைச் சொன்னார்.

"ஊரா, காலனியா?"

"காலனி."

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவர் எழுந்தார். "நாஸ்தா இப்பதான் ஆச்சு அண்ணாத்த. வயிறு வேற ஒரு மாதிரி கீது. இன்னொரு நாளிக்குப் பாப்போம்." கோபமில்லை, ஏளனமில்லை. லாரி புறப்பட்டுப் போயிற்று. அத்தனை பேர் முன்னால் மூப்பர் அந்த வெறும் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு அரைமணி நேரம் சாலையில் யாருமே வரவில்லை. வெயிலில் யார் வருவார்கள்? குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

பந்தியில் இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. சாராள் அம்மாள் பெண்கள் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் மூப்பரின் மனைவி, வலப்பக்கம் கிறிஸ்டி என்ற பெண், அவளுக்கு அடுத்து நான். மூப்பரின் மனைவி ஏதோ எடுக்க எழுந்தவர், திரும்பி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கிறிஸ்டி என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "கொஞ்சம் நவுருங்களேன் டீச்சர், மண்ணு மேடா கீது" என்றாள். நான் என் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சாராள் அம்மாளின் இரண்டு பக்கமும் வெறும் மணல் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. உடன்பாட்டின்படி எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

மூப்பர் அந்த இடைவெளியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த வழிப்போக்கர் இலையைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி வந்தது.

"சாராளு, நீ ஏன் அங்க குந்திகினு கீற? இங்க வா. இன்னிக்கு நீதான் எங்க விருந்தாளி. மொதல் எல உனுக்குத்தான்."

ஐயரின் கவலை முகம்கூட மலர்ந்தது. ஏழு வருடம் வழியில் இருந்தவர், இன்று நம்மோடு நடந்து வந்தவர், கர்த்தர் நமக்கு விருந்தாளியைக் கூடவே அனுப்பியிருக்கிறார் என்று பேசினார். பெண்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்வதானால், எனக்கும் ஒரு கணம் அது அழகாகத்தான் தோன்றியது.

சாராள் அம்மாள் எழுந்து நின்றார். "நானு இந்தச் சபையில தான ஐயரே ஞானஸ்நானம் எடுத்தேன்?"

"ஆமாம்மா. அதனாலதான் இன்னும் சந்தோஷம்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. போய்ப் பாயில் உட்கார்ந்தார். ஜெயசீலி செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். மூப்பர் கையை நீட்டித் தடுத்தார். "அங்க யாரும் குந்தக் கூடாதும்மா. அது முறை. உனுக்குத் தெரியாததா?" சாராள் அம்மாள் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். ஜெயசீலி மறுபடி செம்பை எடுத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

முதலில் அவருக்குத்தான் பரிமாறினார்கள். சோறு, குழம்பு, ஒரு பெரிய எலும்புத் துண்டு; கரண்டியை உயரத்திலிருந்து கவிழ்த்தார்கள். பிறகு எல்லாரும் காத்திருந்தோம். அவர் முதல் கவளம் எடுத்தால்தான் நாங்கள் சாப்பிட முடியும். இரண்டு வரிசையும் அந்தக் கையைப் பார்த்தன. மடங்கிய விரல்களால் சோற்றை ஒதுக்கி, கட்டை விரலால் அழுத்தி, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி உதிர்ந்தது. இரண்டாம் முறை சரியாக வந்தது. "துன்னுங்க" என்றார் எங்களைப் பார்த்து. நாங்கள் சாப்பிட்டோம்.

அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூப்பர் வந்து இலையை எடுக்க வேண்டும். மூப்பர் வண்டிப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐயர் ஆண்கள் வரிசையில் யாருக்கோ இன்னும் சோறு போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஆறு நிமிடம் ஆகியிருக்கும். சாராள் அம்மாள் தம் இலையைத் தாமே மடித்து எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய், மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

பிறகு கீர்த்தனை பாடினார்கள். கயிறு இழுத்தார்கள். கிறிஸ்டி மிக நன்றாகப் பாடினாள்.

நான்கு மணிக்கு வண்டி பூட்டினார்கள். ஐயர் சாராள் அம்மாளைத் தேடி வந்தார்.

"வண்டியில ஏறிக்கங்கம்மா. திரும்ப நடக்க வேணாம். நேரா வூட்டுக்குப் போயிடலாம்."

"இல்ல ஐயரே. விருந்தாளின்னா சாப்ட்டுட்டுக் கெளம்பணும். அதான மரியாத?"

மூப்பர் வண்டிமேல் இருந்தபடி கடலைப் பார்த்தார். இருங்கள் என்று வற்புறுத்திச் சொல்ல அங்கே ஒருவர் போதும். அது யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து 4.35 வண்டியில் நாங்கள் மூவரும் ஏறினோம். செங்கல்பட்டுக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா. முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். காலனி நிறுத்தத்தில் ஜெயசீலி எழுந்தாள்.

"எறங்கும்மா. வூட்டுச் சாவி என்கிட்ட கீது. யாரு இன்னா பண்ணிடுவாங்க?"

"எறங்கி? நீ செங்கல்பட்டுல, நானு அங்க. கெணத்துல யாரு எனுக்குத் தண்ணி மொண்டு ஊத்துவா? குந்து."

"பெட்டி..."

"அத அப்புறம் எடுத்துக்கலாம். குந்து."

நடத்துநர் விசில் கொடுத்தார். ஜெயசீலி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனபின் சாராள் அம்மாள் என்னிடம் சொன்னார்: "அந்த லாரிக்காரன் கையத் தொடச்சிகினு போனான் பாருங்க. அப்பவே அந்த எல யாருக்குன்னு எனுக்குத் தெரிஞ்சிபோச்சு டீச்சர்." சிறிது நேரம் கழித்து, "என் தட்டு உங்க ரூம்ல தான கீது?" என்றார்.

அலமாரியிலிருந்து ஜெயசீலியால் அதை எடுக்க முடியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆறரை மணிக்கு ரிக்‌ஷாவில் ஏறிக் குடியிருப்புக்குப் போய்விட்டார். கட்டில் இன்னும் காலியாகத்தான் இருந்ததாம். இது நடந்து இரண்டு மாதம். வெள்ளையடித்த வீட்டின் சாவி எங்கள் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போதகர் இரண்டு கடிதம் எழுதினார்; நல்ல கடிதங்கள். சபையார் அனைவரும் அன்று மிகவும் ஆசீர்வதிக்கப்பட்டதாக எழுதியிருந்தார்.

அந்த ஜனங்களை நான் கல்நெஞ்சர்கள் என்று எழுதினால் அது பொய். லாரி ஓட்டுநர் எழுந்து போனபோது மூப்பர் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. தங்களுக்கு என்ன நடந்தது என்பது அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். அரைமணிக்குள் அதையே இன்னொருவருக்குச் செய்தபோது மட்டும் அது விருந்தாகத் தெரிந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரலில் நடக்காதீர்கள், டிசம்பர், ஜனவரி நல்லது. ஆறு மணிக்கு முன் கிளம்புங்கள். தேநீர்க் கடையைத் தாண்டினால் கால்வாய்ப் பாலம்வரை தண்ணீர் கிடைக்காது. கனமான செருப்பு அவசியம். சாயங்காலம் 4.35க்கு அடுத்த வண்டி 6.10, அதில் நிற்கவும் இடமிருக்காது.

ஈஸ்டர் மறுநாள் நண்பகலில் அந்தச் சாலையில் போக நேர்ந்தால், தோப்பிலிருந்து ஒருவர் கைகூப்பிக் கூப்பிடுவார். போய் உட்காருங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அந்த இலை நிரம்பிவிட்டால், வேறு யாரையும் அதில் உட்காரவைக்க வேண்டியிராது. பந்தியிலேயே இடம் கிடைத்து, பக்கத்தில் ஒருத்தி கொஞ்சம் நகரச் சொன்னால், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் பதினொன்றரைக் கிலோமீட்டர் சாராள் அம்மாளோடு நடந்தேன். விலகியது ஒரு முழம்தான்.